அறுபத்து நான்காவது பெயர்

பருத்திப்பட்டு, ஆவடி
8 ஜூன் 2025, ஞாயிறு

ஜமீலா,

நான்கு மாதமாக நீ என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். மேல்விஷாரத்தில் உன் மகன் ஆசிக் வீட்டு விலாசத்தை ஸ்டெஃபிதான் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "கிழிச்சுப் போட்டாலும் போட்ருவாங்க மேடம்" என்றாள். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

போன புதன்கிழமை நம் ஃபேக்டரியில் தீப்பிடித்தது. பத்திரிகையில் வரும் அளவுக்குப் பெரியதில்லை. கீழ்த்தளத்தில், பேக்கிங் அட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில், ஒரு ஸ்விட்ச் பெட்டி வெடித்து அட்டையில் பற்றிக்கொண்டது. காலை பதினொன்றரை மணி. நெருப்பைவிடப் புகைதான் அதிகம். நாம் கார் ஒயர் கட்டும் முதல்தளத்துக்குப் புகை படி வழியாக ஏறி வந்தது. சைரன் அடித்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி எல்லோரையும் வரிசையாக இறக்கி, வேப்பமரத்தடியில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டேன். அறுபத்து நான்கு பெயர். அறுபத்து மூன்று குரல் வந்தது.

வர்ஷா பதில் சொல்லவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பெண் என்று அவளுக்கு இரண்டு முறை மெமோ கொடுத்தவள் நான். இங்கும் திமிர் காட்டுகிறாள் என்று இன்னொரு முறை உரக்கக் கூப்பிட்டேன். அப்போது ஸ்டெஃபி வரிசையை விட்டு உள்ளே ஓடப் பார்த்தாள். வெளியே வந்தவர்கள் திரும்பப் போகக்கூடாது என்பது சட்டம். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மேடம், அவ பின்ரூம்ல கீறா. அவளுக்குக் காது கேக்காது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, ஜமீலா. இரண்டு வருஷமாக நான் அவளுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ். அவள் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஒயர் முனை சோதிப்பாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவளுக்குக் காது கேட்காது என்பது தெரியாது.

ஸ்டெஃபியை வாட்ச்மேன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, பின்பக்க இரும்புப் படியில் ஏறிப் போய் அவளை அழைத்து வந்தேன். பிழைத்துவிட்டாள். இரண்டு நாள் இருமல் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அந்த அறைக்குள் நடந்ததை இன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உனக்குத் தெரியும் அல்லவா? தெரிந்திருந்தும் ஜனவரியில் என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை அந்த அறையில் தனியாக உட்கார வைத்திருப்பேனா?

ஞானகுமாரி


மேல்விஷாரம்
13 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஷிஃப்ட் இன்சார்ஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பெருநாள் முடிந்த நாலாம் நாள் வந்தது. கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன். வர்ஷா பிழைத்தாள் என்ற வரியை மட்டும் அதற்கு மேலும் படித்தேன். நீங்கள் உள்ளே போனதற்கு அல்லாஹ் உங்களுக்கு நன்மை செய்யட்டும். இதற்குமேல் மரியாதை எனக்கு வராது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். ஜனவரி மாதம் நீங்கள் கையில் ஒரு பட்டியலோடு வந்தீர்கள். வேகமாக வேலை செய்கிறவர்கள் முன்வரிசை, மெதுவானவர்கள் பின்வரிசை, கண் கூர்மையானவர்கள் பின்ரூம் என்று எல்லோருடைய இடத்தையும் மாற்றினீர்கள். ஸ்டெஃபியையும் வர்ஷாவையும் பிரிக்க வேண்டாம் என்று உங்களிடம் தனியாக வந்து கேட்டேன். காரணம் கேட்டீர்கள். "காரணம் கேக்காத ஞானம், என்னை நம்பு" என்றேன். என்ன பதில் சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நாற்பது பேர் காதில் விழும்படி, "இது ஊடு இல்ல ஜமீலா, ஃபேக்டரி. பாசத்தை கேட்லயே வெச்சுட்டு வா" என்றீர்கள்.

அப்படிப் பேசுகிற ஒருவரிடம் ஒரு பெண்ணின் பிழைப்பை எடுத்துக் கையில் கொடுக்க முடியுமா? மறுநாள் நானாகவே அவர்கள் நாற்காலிகளைப் பழைய இடத்தில் போட்டேன். நீங்கள் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள். மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அந்த கேட்டுக்குள் நாமிருவரும் ஒன்றாகத்தான் நுழைந்தோம். வெளியே போகும்போது நான் மட்டும் போனேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. பேச்சு அதற்கு முன்பே நன்றாக வந்துவிட்டதால் வெளியே தெரியாது. உதட்டைப் பார்த்தே இன்டர்வியூவில் தேறிவிட்டாள். கொரோனாவில் நாமெல்லோரும் முகத்தை மூடிக்கொண்டோமே, அப்போதுதான் அவள் உலகம் இருண்டது. ஒருநாள் பாத்ரூமில் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். என் மாஸ்க்கைக் காட்டிக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். "இப்ப கேளுங்கக்கா" என்றாள்.

அன்றிலிருந்து நானும் ஸ்டெஃபியும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். மணி அடித்தால், யாராவது கூப்பிட்டால், அவள் தோளைத் தொடுவோம். அவ்வளவுதான். ஐந்து வருஷம் அந்த ஒரு தொடலில் ஓடியது. உன் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இருந்ததா?

பார், நீங்கள் என்று தொடங்கி நீ என்று முடித்திருக்கிறேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஜமீலா


பருத்திப்பட்டு
17 ஜூன் 2025

ஜமீலா,

நீ என்றே எழுது. அந்த 'அவர்களுக்கு'தான் மெமோவைவிடக் கனமாக இருந்தது.

அந்த வார்த்தையை நான் சொன்னேன். சொன்னபோது அது நல்ல வார்த்தை என்று நம்பினேன். நாம் சேர்ந்த காலத்தில் பால்ராஜ் சார் இன்சார்ஜாக இருந்தாரே, அவரை நினைத்துப் பார். பிடித்தவர்களுக்கு ஃபேன் காற்றடியில் இடம், ஓவர்டைம், சிரிப்பு. பிடிக்காதவர்களுக்கு ஜன்னல் வெயில். உனக்கும் எனக்கும் மூன்று வருஷம் வெயில்தான். அந்த நாற்காலியில் நான் ஒருநாள் உட்கார்ந்தால் யாரையும் நேசிக்க மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன். நேசித்தால் ஒருதலையாகிவிடும் என்று பயந்தேன். அதனால் எல்லோரையும் ஒரே தூரத்தில் வைத்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் ஒருத்திக்குக் காது கேட்காது என்பதுகூடத் தெரியாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல்ல வந்தாய். நான்தான் வாயை மூடிவிட்டேன்.

அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன். இதைப் பாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தபோது, உள்ளே புகை அடியிடுக்கு வழியாக அப்போதுதான் கசியத் தொடங்கியிருந்தது. அவள் முதுகு கதவின் பக்கம். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்து, ஒயர் முனைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சைரன் ஊரைக் கிழிக்கிறது. அவளைச் சுற்றி ஒரு கோயில் அமைதி. நான் போய் அவள் தோளைத் தொட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை. இடது கையை எடுத்து என் கையின்மேல் வைத்து, "இன்னும் பத்தே பீஸ் ஸ்டெஃபி, முடிச்சுட்டு வரேன்" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நான்கு மாதமாக அந்த அறையில் அவளை யாரும் தொட்டதில்லை. ஆனாலும் தன் தோளைத் தொடும் கை தன்னை நேசிக்கிற கையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது நீயும் ஸ்டெஃபியும் ஐந்து வருஷம் செய்து வைத்தது. நான் அதற்குள் திருடியைப் போல நுழைந்திருந்தேன்.

பிறகு திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், என் பின்னால் புகையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை. வெளியே வந்தபோது நடைபாதை முழுக்கப் புகை. அவளால் என் உதட்டைப் பார்க்க முடியாது, என்னால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இரண்டு மெமோ கொடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் தயங்காமல் இரும்புப் படிவரை வந்தாள். என்னை அப்படி யாரும் நம்பி நடந்ததில்லை, ஜமீலா. இன்சார்ஜாக இருந்த காலமெல்லாம் நான் சொன்னதைச் செய்திருக்கிறார்கள். நம்பியதில்லை. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் என்று அந்த முப்பது அடியில்தான் தெரிந்தது. இப்போதும் சில வேளை வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இப்போது சிக்கல் இதுதான். ஜெனரல் மேனேஜர் திருவேங்கடம் சார் அறிக்கை கேட்டிருக்கிறார். ஒருத்தி ஏன் உள்ளே நின்றாள் என்று அதில் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் அவள் வேலை போகலாம். மறைத்தால் நாளைக்கு மறுபடி சைரன் அடிக்கும். இன்னும் பதினைந்து நாள் அவகாசம். நீ சொல்.

ஞானம்


மேல்விஷாரம்
22 ஜூன் 2025

ஞானம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டேன். குழம்பு பாதியில் நின்றது. ஆசிக் என்னம்மா என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். 'தொடும் கை நேசிக்கிற கைதான்' என்று நீ எழுதிய இடத்தைத் தாண்ட முடியவில்லை. நாங்கள் செய்தது அவ்வளவு பெரிய காரியம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மணி அடித்தால் தொடுவோம், அவ்வளவுதான்.

ஆனால் நீ என்னை உயரத்தில் தூக்கி வைக்காதே. நானும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் இந்த நான்கு மாதக் கோபம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

ஐந்து வருஷத்தில் நான் எத்தனையோ வழி யோசித்திருக்கலாம். அவள் வீட்டில் பேசியிருக்கலாம். காது கேட்காதவர்களுக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு என்று தொழிற்சங்கத்தில் ஒருவர் ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா வந்தேன். சைரனோடு ஒரு சிவப்பு விளக்கு மாட்டினால் போதும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஏன் செய்யவில்லை? அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஞானம், அவளுக்கு நான் வேண்டியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. கணவரும் போய், மகனும் வேறு ஊரில் இருந்தபோது, காலையில் நான் வந்தேனா என்று கேட்டைப் பார்த்து நிற்க ஒருத்தி இருந்தாள். விளக்கு மாட்டிவிட்டால் அவள் ஏன் என்னைத் தேடப்போகிறாள்?

நான் கோபித்துக்கொண்டு அட்டையைக் கழற்றி வைத்தேனே, அன்றைக்கு அவளை நினைத்தேனா? என் ரோஷத்தைத்தான் நினைத்தேன். அவளை அந்த அறையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நீ அவளை அங்கே உட்கார வைத்தாய். நான் தெரிந்தே விட்டுப்போனேன். எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுது. என் பெயரைப் போட்டு, தெரிந்தும் மறைத்தாள் என்று எழுது. விளக்கு கேட்டு எழுது. அவள் வேலைக்கு ஆபத்து வந்தால் நான் அங்கே வந்து யார் முன்னாலும் நின்று பேசுகிறேன்.

ஜமீலா


பருத்திப்பட்டு
2 ஜூலை 2025

ஜமீலா,

நீயும் நானும் இரண்டு பெரிய மனுஷிகள் போல அறிக்கை பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோமே. நடந்ததைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெஃபியைக் கூட்டிக்கொண்டு பாரிவாக்கத்தில் வர்ஷா வீட்டுக்குப் போனேன். எழுதி வைத்த அறிக்கையை அவளிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். அவளுக்கு வந்தது கோபம்.

"ஜமீலாக்கா என்னை மறைச்சு வெச்சாங்க. நீங்க என்னைப் பாக்கவே இல்ல. இப்ப ரெண்டு பேரும் சேந்துகினு எனக்காக எழுதிக் கொடுக்குறீங்க. ஒருத்தராவது உனக்கு இன்னா வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வர்ஷாவின் அம்மா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தார்கள், நாங்கள் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. அவள் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டேன். "நானே சொல்லிக்கிறேன் மேடம். நீங்க கூட நில்லுங்க, போதும்" என்றாள்.

மறுநாள் காலை திருவேங்கடம் சார் அறைக்குப் போனோம். அவர் போனைப் பார்த்தபடியே, என்னம்மா விஷயம் என்றார். வர்ஷா பதில் சொல்லாமல் நின்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "சார், போனைப் பாத்துகினு பேசாதீங்க. உங்க உதடு தெரியல. எனக்குக் காது கேக்காது."

அந்த மனிதர் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் அவள் பேசினாள். ஆறு வருஷமாக மறைத்தது தன் தப்பு என்றாள். ஏன் மறைத்தாள் என்றும் சொன்னாள். தன் கையிலிருந்து போன ஒயரில் ஒன்றாவது திரும்பி வந்திருக்கிறதா பாருங்கள் என்றாள். எல்லா அறையிலும் சைரனோடு விளக்கு வேண்டும் என்றாள். பிறகு, எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் கீறாங்க சார். ஒருத்தருக்கு வலிப்பு வரும். ஒருத்தருக்கு ஒரு கண்ணு சுத்தமாத் தெரியாது. யாருன்னு சொல்லமாட்டேன். நீங்க பயமுறுத்தலன்னா அவங்களே வருவாங்க."

எனக்கு அந்த இரண்டு பேர் யாரென்று இன்றும் தெரியாது. காது கேட்காத பெண்ணுக்கு அந்தத் தளத்தில் யாருக்கு என்ன வலி என்று தெரிந்திருக்கிறது. நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். கூட நில் என்றாளே, அதற்காக நின்றேன். ஆனால் உண்மையைச் சொன்னால், பெரிய மலையின் கீழே போய் நிற்பதுபோல் இருந்தது.

சார் யோசித்துச் சொல்கிறேன் என்றார். சாயங்காலமே என்னைக் கூப்பிட்டு, அவள் வேலையில் இருக்கட்டும், விளக்குக்கு ஆள் வரச்சொல் என்றார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அவளுக்குக் கொடுத்த இரண்டு மெமோக்களையும் ஃபைலிலிருந்து எடுத்து, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ மறுபடி வேலைக்கு வருகிறாயா? நிர்வாகத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்று சார் சொல்லியிருக்கிறார்.

ஞானம்


மேல்விஷாரம்
7 ஜூலை 2025

ஞானம்,

உன் கடிதத்தை மருமகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். என் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணீர். ஆசிக்கும் வேலைக்குக் கிளம்பாமல் நின்று கேட்டான்.

'என்னை மறைச்சு வெச்சாங்க' என்றாளே, சரியாகத்தான் சொன்னாள். அடி வாங்கியதுபோல் இருந்தது. அடுத்த நிமிஷமே பெருமையாகவும் இருந்தது. இந்தப் பெண்ணையா நான் குஞ்சு மாதிரி இறக்கைக்குள் வைத்துக்கொண்டேன்? அவள் வளர்ந்தது எனக்குத் தெரியவில்லையே. பக்கத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். தூரத்தில் நின்ற உனக்கு அவள் தெரியவில்லை என்றால், ஒட்டிக்கொண்டு நின்ற எனக்கும் தெரியவில்லை.

வேலைக்கு வரமாட்டேன். கோபமில்லை. நான் வந்தால் ஒரே வாரத்தில் அவளை மறுபடி என் பிள்ளையாக்கிவிடுவேன், என் சுபாவம் எனக்குத் தெரியும். இங்கே தெருவில் நான்கு பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். முதல்நாளே என்ன தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களைக் கேட்டேன். ஒருத்தி யோசித்து யோசித்து, அவள் அப்பாவுக்குச் சட்டை என்றாள்.

அடுத்த மாதம் பூந்தமல்லிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் ஒருநாள் தங்குவேன். வர்ஷாவைக் கூப்பிடாதே. வரச் சம்மதமா என்று கேள்.

ஜமீலா


பருத்திப்பட்டு
20 ஜூலை 2025, ஞாயிறு

ஜமீலா,

கேட்டேன். வருகிறாளாம். பிரியாணி நீதான் செய்ய வேண்டுமாம்.

போன இரண்டு வாரம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எங்கே உட்கார விருப்பம், ஏன் என்று கேட்டேன். என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். சுரேகா ஜன்னலோரம் வேண்டும் என்றாள். அங்கிருந்து அவள் பிள்ளையின் பள்ளிக்கூடக் கூரை தெரியுமாம். ஒருத்தி யாரும் பக்கத்தில் வேண்டாம் என்றாள். அதையும் கொடுத்தேன். எல்லாம் கொடுக்க முடியவில்லை. முடியாததை ஏன் முடியாது என்று சொன்னேன். முதல் வாரம் வேலை குறைந்தது. திட்டு வாங்கினேன். இப்போது பழைய அளவுக்கு வந்திருக்கிறது. ஒரு கண் தெரியாதவள் போன வியாழக்கிழமை தானாக வந்து என்னிடம் சொன்னாள். இன்னொருத்தி இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தீப்பயிற்சி வைத்தோம். புது விளக்குகளுக்கு அதுதான் முதல்நாள். சைரனுக்கு ஒரு நொடி முன்னாலேயே விளக்கு சுழல ஆரம்பித்துவிட்டது. அதனால் முதலில் எழுந்தது வர்ஷாதான். அவள் எழுந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே அவள் வரிசையின் முன்னால் போனாள்.

நான் இத்தனை வருஷம் முன்னால் நடந்து ஆட்களை இறக்கியிருக்கிறேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் போதும், வருகிறார்கள் என்று நடப்பேன். அவளுக்குச் சத்தம் கிடையாது. அதனால் படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பி, வருகிறவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளையோடு மெதுவாக இறங்கிய பெண்ணுக்காக நின்றாள். மறுபடி நடந்தாள். மறுபடி திரும்பினாள்.

நான் கடைசி ஆள். மேல்படியில் ஒரு நிமிஷம் எனக்கு நகரத் தோன்றவில்லை. கீழ்த் திருப்பத்திலிருந்து அவள் கண் வரிசை முழுக்க ஏறி வந்து என்மேல் நின்றது. நான் காலை எடுத்து வைக்கும்வரை அவள் நகரவில்லை.

ஞானம்